சத்தமில்லாத படத்தில் ஒரு சொப்ரானோ

1915ஆம் ஆண்டு கோடையில், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் (சுருக்கமாக மெட்) கொடிகட்டிப் பறந்த ஒரு பாடகி ரயிலேறி ஹாலிவுட்டுக்குப் போனார். சினிமாவில் நடிக்கத்தான் அந்தப் பயணம். அப்போது சினிமாவுக்குப் பேச்சே வந்திருக்கவில்லை, பிறகு பாட்டு எங்கிருந்து வரும்? குரலுக்காக ஊரே கொண்டாடிய ஒருவர், அந்தக் குரல் ஒரு துளிகூடக் கேட்காத படத்தில் கதாநாயகியாக நடித்தார். படம் பெரிய வெற்றி பெற்றது.

அவர் பெயர் ஜெரால்டின் ஃபாரர். ஓபராவை ஒருமுறைகூட உட்கார்ந்து கேட்டிராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொப்ரானோ என்றால் யார், அந்தக் குரல் எப்படி வேலை செய்கிறது, மேடையை விட்டு இசைத்தட்டுக்கும் திரைக்கும் வானொலிக்கும் போகும்போது அதற்கு என்ன ஆகிறது என்பதெல்லாம் ஃபாரரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் சுலபமாகப் புரியும்.

முதலில் ஓபரா. கதை முழுவதையும் (அல்லது பெரும்பகுதியை) பாட்டாகவே நடித்துக் காட்டும் நாடகம் அது. கோபம், கெஞ்சல், கடிதம் படிப்பது, சாவது எல்லாமே பாட்டில்தான் நடக்கும். 1600ஐ ஒட்டி இத்தாலியில் பிறந்தது. நாடகம் நடக்கிறபோதே மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் அமர்ந்து அறுபது, எண்பது பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும்.

அந்த நாடகத்தில் யாருக்கு எந்த வேடம் என்பதைப் பெரும்பாலும் குரலின் உயரம்தான் தீர்மானிக்கிறது. பெண் குரல்களில் உச்சத்தில் இருப்பது சொப்ரானோ. 'மேலே' என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதற்குக் கீழே மெஸ்ஸோ சொப்ரானோ, அதற்கும் கீழே ஆல்ட்டோ. ஆண்களில் டெனர், பாரிட்டோன், பேஸ். காதலிக்கும் இளம்பெண் பெரும்பாலும் சொப்ரானோவாகவே இருப்பார். அவரைக் காதலிப்பவர் டெனர்.

எவ்வளவு உயரம் என்று கேட்டால், நமக்குப் பழகிய கணக்கில் சொல்லிப் பார்க்கலாம். ஐந்து கட்டை சுருதியில் பாடும் ஒரு பெண்ணின் மேல் ஸட்ஜத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இன்னும் ஒரு முழு ஸ்தாயி ஏறுங்கள். அதற்கும் மேலே மத்திமம் வரை போனால், சொப்ரானோவின் உச்ச ஸ்வரமாகப் பொதுவாகச் சொல்லப்படும் 'ஹை சி' வரும். நொடிக்குச் சுமார் 1,047 அதிர்வு. மொஸார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் வரும் இரவு ராணி அதையும் தாண்டிப் போகிறாள்.

எல்லா சொப்ரானோவும் ஒன்றல்ல. பிருகாக்களைக் கொட்டும் லேசான குரலுக்குக் கொலராட்டுரா என்று பெயர். ஆர்க்கெஸ்ட்ரா எவ்வளவு உரக்க வாசித்தாலும் அதைக் கிழித்துக்கொண்டு வரும் கனத்த குரல் டிரமாட்டிக். நடுவில் இருப்பது லிரிக்: இழைவும் மென்மையும் உள்ள குரல். ஃபாரர் லிரிக் சொப்ரானோ. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மைக் இல்லாமல் எப்படி?

ஓபராவைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் தெரிந்துகொள்ளப்போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: அங்கே மைக் கிடையாது. ஃபாரர் பாடிய பழைய மெட் அரங்கில் மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். முன்னால் முழு ஆர்க்கெஸ்ட்ரா முழங்குகிறது. கடைசி வரிசையில், மேல் மாடியில், மலிவான டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் மேடையில் நிற்கும் ஒரு தொண்டையிலிருந்து வரும் ஸ்வரம் போய்ச் சேர வேண்டும்.

கத்தினால் போகுமா? போகாது, தொண்டைதான் போகும். ஆர்க்கெஸ்ட்ராவின் பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை (நொடிக்கு 500 அதிர்வை) ஒட்டிய பகுதியில் குவிந்திருக்கிறது. மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். பயிற்சி பெற்ற ஓபரா பாடகர்கள், அதிலும் குறிப்பாக ஆண்கள், 3,000 ஹெர்ட்ஸ் அருகே தங்கள் நாதத்தைத் திரட்டிக் கூர்மையாக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அங்கே ஆர்க்கெஸ்ட்ரா பலவீனமாக இருக்கிறது. நம் காதும் அந்தப் பகுதியில்தான் மிகக் கூர்மை. சத்தத்தோடு மோதாமல், அதில் இருக்கும் சந்தில் புகுந்து வருகிறது குரல்.

உச்சத்தில் பாடும் சொப்ரானோவின் வழி வேறு. நாம் 'இ' என்று சொல்லும்போது வாய்க்குழி சுமார் 300 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது. பாட வேண்டிய ஸ்வரமோ 800 ஹெர்ட்ஸில் இருக்கிறது. ஸ்வரம் ஒரு பக்கம், ஒத்ததிர்வு ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றால் குரல் சப்பென்று கேட்கும். அதனால் அவர் தாடையை நன்றாக இறக்கி வாயை அகலத் திறக்கிறார். வாய்க்குழியின் ஒத்ததிர்வு மேலே ஏறி, ஸ்வரத்தோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. அவ்வளவுதான், கூடுதல் சிரமம் இல்லாமலே குரல் பல மடங்கு பெரிதாகிவிடுகிறது.

இதற்கு இரண்டு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. 'இ'யும் 'உ'வும் உச்சத்தில் 'ஆ' மாதிரி கேட்கும். ஓபராவில் சொல் புரியவில்லை என்று பலர் குறைப்படுவார்கள். அந்த மொழி தெரிந்தவர்களுக்கே உச்ச ஸ்வரங்களில் புரியாது. அது பாடகியின் அலட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம், இயற்பியல் அப்படி. இரண்டாவது விலை முகம். தாடை இறங்கி, வாய் குகைபோலத் திறந்து, கழுத்து நரம்பு தெரிய நிற்கும் அந்த முகம் முப்பதாவது வரிசையிலிருந்து பார்க்க உருக்கமாக இருக்கும். அரையடி தூரத்தில் கேமரா வந்து நின்றால்? சொப்ரானோவுக்கும் திரைக்கும் இருக்கும் உறவில் பாதிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஃபாரரின் மேடை

1882இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெல்ரோஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சிட்னி ஃபாரர் தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர். 1901இல், பத்தொன்பது வயதில், பெர்லின் அரச ஓபராவில் கூனோவின் 'ஃபௌஸ்ட்'டில் மார்கெரிட்டாக அரங்கேறினார். அங்கே பெரும்பாடகி லில்லி லேமனிடம் பாடம் கேட்டார். 1906 நவம்பரில் மெட்டுக்கு வந்தார். மூன்றே மாதத்தில், 1907 பிப்ரவரியில், 'மேடம் பட்டர்ஃபிளை' ஓபரா, ஃபாரர் நாயகியாக, முதல்முறையாக மெட்டில் அரங்கேறியது. உடன் பாடியவர் புகழ்பெற்ற டெனர் என்ரிக்கோ கருஸோ. இசையமைத்த புச்சினி நேரில் வந்திருந்தார்.

ஃபாரர் பாடியது புச்சினிக்கு முழுத் திருப்தி தரவில்லை. அவ்வளவு பெரிய அரங்கை நிரப்பும் கனம் அந்தக் குரலில் இல்லை என்பதே குறை. லிரிக் குரல் என்று சொன்னேனே, அதுதான். ஆனால் ரசிகர்கள் பட்டர்ஃபிளை என்றால் ஃபாரர்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். காரணம் அவர் நடித்த விதம். அந்தக் காலத்துப் பாடகிகள் பலர் வந்து, நின்று, கையை விரித்துப் பாடிவிட்டுப் போவார்கள். ஃபாரர் அந்தப் பாத்திரமாகவே நடமாடினார்.

எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் ஒன்று. 1910 டிசம்பரில் ஹம்பர்டிங்கின் 'அரசகுமாரரும் குமாரியும்' என்ற பொருள்படும் ஓபரா உலகிலேயே முதல்முறையாக மெட்டில் நடந்தது. ஃபாரருக்கு வாத்து மேய்க்கும் பெண் வேடம். பொம்மை வாத்து வேண்டாம், உயிருள்ள வாத்துகள்தான் வேண்டும் என்று நின்று, அவற்றை மேடையில் மேய்த்தார். முடிவில் கைதட்டலை ஏற்க வந்தபோது ஒரு வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று இவ்வளவு யோசித்த ஒருவரைச் சினிமா தேடி வந்ததில் எனக்கு வியப்பில்லை.

அதே புச்சினியின் 'சிஸ்டர் ஆஞ்செலிகா' 1918 டிசம்பரில் மெட்டில் உலக அரங்கேற்றம் கண்டபோது, ஆஞ்செலிகாவாகப் பாடியவரும் ஃபாரர்தான்.

கொம்புக்கு முன்னால்

இதற்கிடையே இசைத்தட்டு. விக்டர் நிறுவனத்துக்காகத் தனியாகவும் கருஸோவோடு சேர்ந்தும் நிறையப் பாடினார். அன்றைய பதிவு முறையைத் தெரிந்துகொண்டால்தான் அந்தத் தட்டுகளை நியாயமாகக் கேட்க முடியும். 1925 வரை பதிவுக்கும் மைக் இல்லை. ஒரு பெரிய கொம்பின் வாய்க்கு முன்னால் நின்று பாட வேண்டும். குரலின் அதிர்வு கொம்பு வழியாகப் போய் ஊசியை அசைக்கும், ஊசி மெழுகில் கீறும். உச்ச ஸ்வரம் வந்தால் பாடகி பின்னால் நகர வேண்டும், இல்லாவிட்டால் ஊசி துள்ளிவிடும். தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிடம் போல்தான் இடம்.

குரலின் மேல்பகுதி நாதத்தைக் கொம்பு பெரும்பாலும் பிடிக்காது. டெனரின் அடர்த்தியான குரலுக்கு அது பரவாயில்லை. கருஸோ இன்றும் தட்டில் கம்பீரமாக ஒலிக்கிறார். சொப்ரானோவின் பளபளப்போ அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் குரல் மெலிந்து, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். நூறு வருடத்துக்கு முந்தைய சொப்ரானோ தட்டைக் கேட்டுவிட்டு 'இதற்கா இவ்வளவு பேர்?' என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே பதில் சொல்லத் தோன்றும்: நீங்கள் கேட்பது பாடகியில் பாதியைத்தான்.

கேமராவுக்கு முன்னால்

சரி, மறுபாதிக்கு வருவோம். 1914 நவம்பரில் ஃபாரர் மெட்டில் முதல்முறையாகக் கார்மென் வேடம் ஏற்றார். பிசேயின் ஓபரா, கருஸோ ஜோடி, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு டோஸ்கனினி நடத்துனர். கார்மென் பொதுவாக மெஸ்ஸோவுக்குப் போகும் வேடம். ஆனாலும் அது ஃபாரருக்குப் பொருந்திப் போனது. மறு கோடையில் ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. பல பருவங்கள் இடைவிடாமல் பாடி அவர் தொண்டையும் களைத்திருந்தது. அந்த நேரத்தில் ஜெஸ்ஸி லாஸ்கியின் நிறுவனம் படத்துக்கு அழைத்தது. பாடாமல் சம்பாதிக்கவும், தொண்டைக்கு ஓய்வு கொடுக்கவும் ஒரே வழி. இயக்குநர் செசில் பி. டிமில்.

டிமில் ஒரு நல்ல காரியம் செய்தார். புதியவரை நேராகக் கார்மெனில் இறக்கவில்லை. 'மரியா ரோசா' என்ற இன்னொரு படத்தை முதலில் எடுத்தார். மேடைக்குப் பழகிய உடல் கேமராவுக்குப் பழகட்டும் என்பது அவர் எண்ணம். பிறகு 'கார்மென்' எடுத்து, அதை முதலில் வெளியிட்டார். காட்சி எடுக்கும்போது ஃபாரருக்கு உணர்வு வருவதற்காகப் படப்பிடிப்புத் தளத்தில் இசை வாசிக்க ஏற்பாடு செய்தார்கள். படத்தில் பதிவாகாத இசை அது. அவர் உடம்பு மட்டும் அதைக் கேட்டு அசைந்தது. மௌனப் படத் தளங்களில் நடிகர்களுக்காக வாத்தியம் வாசிப்பது பின்னால் பரவலான வழக்கமாயிற்று.

இன்னொரு விஷயம். ஓபராவின் உரைக்கு உரிமை சார்ந்த தடை இருந்ததால், திரைக்கதையைப் பிராஸ்பெர் மெரிமேயின் மூலக்கதையிலிருந்து எழுதினார்கள். திரையரங்கில் படம் ஓடும்போது மட்டும் ஆர்க்கெஸ்ட்ரா பிசேயின் இசையைத் தழுவி வாசித்தது. 1915 அக்டோபர் 1ஆம் தேதி பாஸ்டன் சிம்ஃபனி ஹாலில் முதல் காட்சி. சினிமாவை மட்டமாக நினைத்த கனவான்கள் ஓபரா பாடகியைப் பார்ப்பதற்காக வந்து உட்கார்ந்தார்கள்.

படத்தில் சுருட்டாலைச் சண்டைக் காட்சி ஒன்று இருக்கிறது. இன்னொரு பெண்ணோடு தலைமுடியைப் பிடித்து இழுத்து, உருண்டு புரண்டு சண்டை போடுகிறார். மேடையில் பாடியபடி இப்படிச் செய்ய மூச்சு இடம் கொடுக்காது. முகத்தைப் பாருங்கள்: தாடை இறக்க வேண்டிய தேவை இல்லை, மூச்சைக் கணக்குப் பண்ண வேண்டாம், நடத்துனரின் கோலைப் பார்க்க வேண்டாம். பாட்டின் பாரம் இறங்கிய பிறகு உள்ளே இருந்த நடிகை எழுந்து வருகிறாள். 1916இல் மெட்டில் மறுபடி கார்மென் பாடியபோது சினிமாப் பழக்கம் மேடைக்கும் வந்துவிட்டது. கருஸோவை நிஜமாகவே அறைந்துவிட்டார், அவருக்குக் கோபம் வந்தது, பத்திரிகைகளுக்குத் தீனி கிடைத்தது.

அப்புறம் 1916 டிசம்பரில் ஜோன் ஆஃப் ஆர்க்காக 'ஜோன் தி உமன்'. எரிக்கப்படும் காட்சியில் தீக்கு மட்டும் நிறமேற்றியிருந்தார்கள். அன்றைக்கு அது பெரிய புதுமை. 1920 வரை ஒரு டஜனுக்கும் மேல் படங்கள். பின்னால் வந்தவை அந்த முதல் படங்களின் தரத்தைத் தொடவில்லை.

நாற்பதில் நிறுத்திவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், 1922 ஏப்ரல் 22இல், நாற்பது வயதில், மெட்டில் கடைசியாகப் பாடினார். கண்ணீர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ரசிகைகள் தந்த கிரீடத்தோடும் செங்கோலோடும் நின்று விடைபெற்றார். கச்சேரி மேடையில் இன்னும் சில வருடம் பாடினார். 1934–35 பருவத்தில் மெட் ஓபராக்கள் வானொலியில் ஒலிபரப்பானபோது, இடைவேளையில் கதையையும் இசையையும் நேயர்களுக்கு விளக்குபவராக வந்தார். கேட்டறியாதவர்களுக்கு ஓபராவை எடுத்துச் சொல்லும் வேலை. அவரை எனக்கு நெருக்கமாக உணரவைப்பது அதுதான். 1967இல் காலமானார். பழைய மெட் கட்டடத்தை இடித்ததும் அதே வருடம். ஹாலிவுட் நடைபாதையில் அவருக்கு இரண்டு நட்சத்திரங்கள் உண்டு, ஒன்று இசைக்கு, ஒன்று திரைக்கு.

மற்றவர்கள்

ஃபாரரின் கதையைத் தலைகீழாக்கினால் மார்னி நிக்சன் கிடைப்பார். அமெரிக்க சொப்ரானோ. ஷோன்பெர்க், வெபர்ன் போன்றோரின் கடினமான நவீன இசையை அநாயாசமாகப் பாடியவர். உலகம் அவர் குரலைக் கேட்டதோ வேறு முகங்களின் வழியாக: 'தி கிங் அண்ட் ஐ'யில் டெபோரா கெர், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட், 1964இல் 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்ன். நமக்குப் பின்னணிப் பாடகர்கள் என்றால் பெயர் தெரிந்த நட்சத்திரங்கள். அங்கே அதை ரகசியமாக வைத்தார்கள். படத்தில் அவர் பெயர் போடவில்லை. அது அநியாயம் என்றே நினைக்கிறேன். 1965இல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் கன்னியாஸ்திரிகளில் ஒருவராக முகம் காட்டிப் பாடினார். பார்க்கும்போது மனம் நிறைகிறது.

மரியா கல்லாஸ் இன்னொரு திசை. கெருபினியின் 'மெடேயா'வை மேடையில் அவர்போல் யாரும் பாடியதில்லை என்பார்கள். ஓபரா மேடையை 1965இல் விட்டார். 1969இல் இத்தாலிய இயக்குநர் பாசோலினி அதே மெடேயாவின் கதையைப் படமாக்கியபோது கல்லாஸ் நடித்தார். ஒரு வரிகூடப் பாடவில்லை. குரல் தேய்ந்துபோன பின்னும் அந்தக் கண்களில் இருந்தது தேயவில்லை.

நியூசிலாந்தின் மாவோரி வம்சாவளியில் வந்த கிரி டெ கனாவா 1981இல் சார்லஸ்–டயானா திருமணத்தில் பாட, தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். ஓபரா அரங்கு எதற்குள்ளும் அடங்காத கூட்டம் அது.

2006 டிசம்பர் முதல் மெட் தன் ஓபராக்களை நேரலையாகவே சினிமா அரங்குகளுக்கு அனுப்புகிறது. இன்றைய சொப்ரானோ கடைசி வரிசைக்குக் கேட்கும்படி தாடையை இறக்கிப் பாட வேண்டும், அதே நொடியில் குளோசப்புக்கும் நடிக்க வேண்டும். ஃபாரர் குளிர்காலத்தில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாகப் பிரித்துச் செய்த இரண்டு வேலைகள், இப்போது ஒரே மாலையில்.

எங்கிருந்து தொடங்கலாம்? ஃபாரரின் விக்டர் தட்டுகள் பல இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, கார்மென் பாடல்கள் உட்பட. 1915 'கார்மென்' படமும் அழியாமல் இருக்கிறது. முதலில் தட்டைத் தனியாகக் கேளுங்கள். பிறகு படத்தைத் தனியாகப் பாருங்கள். மூன்றாம் முறை படத்தை ஓடவிட்டு, பக்கத்தில் தட்டையும் ஒலிக்கவிடுங்கள். உதடும் குரலும் ஒட்டாது, பரவாயில்லை. சுருட்டாலை வாசலில் அவர் இடுப்பில் கைவைத்து நிற்கும் இடம் வரும்போது கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுங்கள்.